பங்க் வேலை இல்லை, ஐயா

அன்புள்ள ஐயா,

மேலூர் தாண்டி நான்குவழிச் சாலையோரம் மின்கார்களுக்கான விரைவு சார்ஜிங் நிலையம் கட்டுகிறார்கள். எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முடித்த மகன் பொழுது விடிந்தால் அங்கேதான் போய் நிற்கிறான். ஒப்பந்ததாரரும் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். "பெட்ரோல் பங்க்கில் குழாய் பிடிக்கவா இவனைப் படிக்க வைத்தேன்?" என்ற வரியில் உங்கள் கோபம் நன்றாகவே தெரிகிறது.

குழாய் பிடிக்க அங்கே பெரும்பாலும் ஆளே வைப்பதில்லை. வண்டிக்காரரே இறங்கி, சார்ஜிங் கன்னை (கேபிள் முனையில் இருக்கும் கைப்பிடி) எடுத்து வண்டியில் செருகி, கைப்பேசியில் பணம் கட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். உங்கள் மகனைக் கூப்பிட்டிருப்பது நிலையத்தைக் கட்டுவதற்கு. அது வேறு வேலை.

சாலையில் போகிறவர் கண்ணுக்குப் படுவது பீரோ உயரத்தில் நிற்கும் ஒரு பெட்டிதான். அதன் பசியைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 கிலோவாட் சார்ஜர் முழுவீச்சில் ஓடினால் மணிக்கு 60 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒரு மணி நாற்பது நிமிடத்தில் தீர்த்துவிடும். இஸ்திரிப் பெட்டி இழுப்பது நான்கு ஆம்பியர். இது மும்முனை மின்சாரத்தில் ஒவ்வொரு முனையிலும் ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். இப்படி நாலைந்து பெட்டிகளை நிறுத்தினால் உயரழுத்த இணைப்பு, தனி டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர் அறை, பேனல் எல்லாம் வேண்டும். மின்வாரியத்தில் விண்ணப்பம், மதிப்பீடு, மின் ஆய்வாளரின் சோதனை என்று மாதக்கணக்கில் இழுக்கிற காரியமும் அதுதான். பெட்டியை இறக்கிப் பொருத்துவது இரண்டு நாள் வேலை.

சென்ற கோடையில் திருமங்கலம் பக்கம் இப்படி ஒரு நிலையத்துக்குப் போயிருந்தேன். என் பழைய மாணவர் ஒருவர் அங்கே மேற்பார்வையாளர். எர்த் குழியின், அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழியின், மின்தடையை அளக்கும் நேரம். கருவியைத் தொடுவதற்கு முன்பே உதவிக்கு வந்த பையன் இரண்டு குடம் தண்ணீரைக் குழியில் கவிழ்த்துவிட்டான். ரீடிங் சட்டென்று இறங்கி, கேட்ட அளவுக்குள் வந்துவிட்டது. பையன் முகத்தில் சிரிப்பு. மேற்பார்வையாளர் நோட்டை மூடிவிட்டு, "இன்றைக்கு நீ ஊற்றினாய். அடுத்த சித்திரையில் யார் வந்து ஊற்றுவது?" என்று கேட்டார். இரண்டு நாள் காயவிட்டு மறுபடி அளந்தார்கள். தேறவில்லை. தள்ளி இன்னொரு குழி போட்டு, ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையால் இரண்டையும் இணைத்த பிறகே கையெழுத்துப் போட்டார்.

உங்கள் மேலூர் கிரானைட் பூமி. சில அடி தோண்டினாலே பாறை தட்டும். எர்த் அவ்வளவு லேசில் கிடைக்காது. எர்த் சரியில்லை என்றால் பல சார்ஜர்கள் பிழையைக் காட்டிவிட்டு ஓடவே மறுக்கும். ஓடினால் இன்னும் மோசம்: மழையில் நனைந்த கையோடு ஒருவர் அந்தக் கன்னைப் பிடிப்பார். கேபிள் முனையில் லக், அதாவது போல்ட் மாட்டும் உலோகக் காது, அடிப்பதும் அப்படித்தான். 90 ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரு போல்ட் அரைச்சுற்றுத் தளர்ந்திருந்தால் போதும், நாளடைவில் சூடேறிக் கருகிவிடும். நான் பார்த்த ஒரு பேனலில் கட்டைவிரல் அளவுக்குக் கறுப்பாக உருகியிருந்தது. இவையெல்லாம் வகுப்பறையில் வராத படிப்பு.

"இந்தத் தொழில் நிலைக்குமா?" என்றும் கேட்டிருந்தீர்கள். சார்ஜிங் நிலையம் நடத்தத் தனி உரிமம் தேவையில்லை என்று மத்திய மின் அமைச்சகம் 2018இலேயே தெளிவுபடுத்திவிட்டது. நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்றாவது வேண்டும் என்று அதே ஆண்டு வழிகாட்டுதலும் வந்தது. 2024இல் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் சார்ஜிங் நிலையங்களுக்கென்று மட்டும் 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். மதுரையோ திருச்சி, திண்டுக்கல், திருநெல்வேலி, தூத்துக்குடி, ராமேசுவரம், தேனி என்று எல்லாத் திசைக்கும் சாலை பிரியும் ஊர். சரி, கார் வியாபாரம் படுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரும் பேனலும் எர்த்தும் தெரிந்தவனுக்கு அரிசி ஆலை, மருத்துவமனை, சோலார் என்று வேறு கதவுகள் இருக்கின்றன. நான் சரி என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

மூன்று மாத "மின்வாகன நிபுணர்" படிப்புக்கு நாற்பத்தைந்தாயிரம் கேட்கிறார்களே, அதைக் கட்டாதீர்கள். அட்டையில் பொன்னெழுத்துச் சான்றிதழ் கிடைக்கும். அதை வைத்து ஒரு பேனலின் பூட்டைக்கூடத் திறக்க விடமாட்டார்கள். தமிழ்நாட்டில் மதிப்புள்ள காகிதம் மின் உரிமம் வழங்கும் வாரியம் தருகிற மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ். டிப்ளமோவும் கள அனுபவமும் சேர்ந்தால் அதற்கு விண்ணப்பிக்கலாம். அனுபவத்தை எழுத்தில் காட்ட வேண்டும் என்பதால் சம்பளத்தைவிட அனுபவச் சான்று முக்கியம். தம்பி இதை இப்போது அலட்சியம் செய்வான். நீங்கள் விடாதீர்கள்.

பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்க்கும் உங்கள் யோசனையும் தவறில்லை. ஆனால் அவன் மதிப்பெண் பட்டியலில் கணக்குப் பாடம் இரண்டு முறை அரியர் விழுந்து தேறியிருக்கிறது. ஓராண்டு களத்தில் நின்றுவிட்டுப் போனால் ஃபேஸ் என்பதும் பவர் ஃபேக்டர் என்பதும் அவனுக்கு வெறும் சூத்திரமாக இருக்காது. நான் அந்த ஓராண்டுக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

வேலைக்கு அனுப்பும் முன் ஒப்பந்ததாரரை நீங்களே ஒருமுறை நேரில் பாருங்கள். தம்பி போனால் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வருவான். அவருடைய ஒப்பந்ததாரர் உரிமம் நடப்பில் இருக்கிறதா, பணியாளர் பெயரில் பி.எஃப்., விபத்துக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். அப்புறம் சாதாரணமாகப் பேச்சுவாக்கில், "லைனில் கைவைக்கும்போது எல்.சி. வாங்குவீர்களா?" என்று போட்டுப் பாருங்கள். எல்.சி. என்றால் லைன் கிளியர்: லைனில் மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று வாங்கும் அனுமதி. "சின்ன வேலைக்கெல்லாம் எதற்கு?" என்று அவர் சிரித்தால், எவ்வளவு சம்பளம் சொன்னாலும் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

நிலத்தை அடகு வைத்து மகனுக்கே ஒரு நிலையம் போட்டுக் கொடுத்தால் என்ன என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். நாளைக்கு நான்கு வண்டி வந்தாலும் வராவிட்டாலும் உயரழுத்த இணைப்புக்கு மாதாந்தர நிலைக்கட்டணம் உண்டு. சார்ஜருக்குள் தூசி அடைத்த ஃபில்டரை மாற்ற, மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும், வெயிலில் சோர்ந்துபோகும் பவர் மாட்யூலைப் பார்க்க, யாராவது வந்துகொண்டே இருக்க வேண்டும். அந்த யாராவது ஆகவே தம்பி முதலில் கற்றுக்கொள்ளட்டும்.

வேலையில் சேர்ந்தால் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கொடுங்கள். தேதி, இடம், என்ன கேபிள், எத்தனை மீட்டர், எர்த் ரீடிங் எவ்வளவு, அன்றைக்கு மழையா வெயிலா என்று தினமும் எழுதட்டும். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நோட்டோடு கே.புதூரில் என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் வர வேண்டாம். அவன் தனியாக வரட்டும்.