விடுதி முழுவதும் ஓட ஜெனரேட்டர் வேண்டுமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் மாணவியர் விடுதியின் துணைக் காப்பாளராக இருக்கிறேன். என் பாடம் தாவரவியல். மின்சாரம் பற்றி எதுவும் தெரியாது. 600 மாணவிகள் தங்கியிருக்கிறார்கள். ஃபெஞ்சல் புயலின்போது மூன்று நாள் கரண்ட் இல்லாமல், தண்ணீருக்குத் திண்டாடிப்போனோம். இந்த முறை ‘அவசரம் என்றால் ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று மேலிடத்தில் வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு ஏஜென்ட், 125 கே.வி.ஏ. மெஷின் தருகிறேன், ஃபேன் உட்பட விடுதி முழுக்க ஓடும், பாதிப் பணத்தை இப்போதே கொடுங்கள் என்கிறார். கொடுக்கலாமா? மொட்டை மாடியில் சோலார் இருக்கிறதே, அது போதாதா?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். கே.வி.ஏ. என்பது ஜெனரேட்டரின் திறனைச் சொல்லும் அளவு. உங்களுக்கு 125 கே.வி.ஏ. தேவையே இல்லை, அதில் பாதி போதும். விடுதி முழுக்க ஓட்ட வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். மூன்று நாள் ஃபேன் இல்லாமல் இருந்துவிடலாம். தண்ணீரும் சாப்பாடும் இல்லாமல், இருட்டுக்குள் 600 பெண்களை வைத்திருக்க முடியாது. ஆகவே மோட்டார், சமையலறை, தாழ்வாரம் மற்றும் கழிவறை விளக்குகள், செல்போன் சார்ஜ் போட ஒரு பெரிய கூடம். இவ்வளவுதான் உங்கள் பட்டியல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் 7.5 எச்.பி. என்றால் ஐந்தரை கிலோவாட் சொச்சம். தொட்டிக்கு ஏற்றும் இன்னொரு மோட்டாரும் அதே அளவு இருக்கட்டும். சமையலறைக்கு ஆறு, குடிநீர் ஆர்.ஓ. இயந்திரத்துக்கு மூன்று. 200 எல்.இ.டி. விளக்குக்கு இரண்டு. சாப்பாட்டுக் கூடத்தின் ஃபேன்களும் சார்ஜர்களும் சேர்ந்து ஆறேழு. தாராளமாகப் போட்டாலும் 30 கிலோவாட்டுக்குள் அடங்கிவிடும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் 62.5 கே.வி.ஏ. மெஷின் 50 கிலோவாட் வரை தாங்கும். மோட்டார்களை மட்டும் ஒரே நேரத்தில் போடாமல், ஒன்று ஓடத் தொடங்கிய பிறகு அடுத்ததைப் போடச் சொல்லுங்கள். கிளம்பும்போது மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும்.

பெரிய மெஷின் இருந்தால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இல்லை. பெரிய டீசல் எஞ்சினைக் குறைந்த சுமையில் நாள் முழுக்க ஓட்டினால் எண்ணெய் சரியாக எரியாது, கரும்புகை கக்கும், எஞ்சினும் கெடும். டீசலையும் கூடுதலாகக் குடிக்கும். ஏஜென்ட் பெரியதையே தள்ளிவிடப் பார்ப்பதற்குக் காரணம் வாடகை. சில இடங்களில் டீசலையும் அவர்தான் ஊற்றுவார், அதிலும் ஒரு பங்கு போகும்.

இந்த ஏஜென்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், புயல் காலத்தில் கல்லூரிகள் ஏமாறுவது இங்கேதான். பல ஏஜென்ட்டுகளிடம் சொந்தமாக ஒரு மெஷின்கூட இருக்காது. உங்களிடம் முன்பணம் வாங்கிய அதே மெஷினை ஒரு திருமண மண்டபத்துக்கும் ஒரு தொழிற்சாலைக்கும் சொல்லி வைத்திருப்பார்கள். புயல் கரையைக் கடந்த அன்று யார் அதிகம் தருகிறார்களோ அங்கே லாரி போய்விடும். உங்கள் போன் எடுக்கப்படாது. எனவே மெஷின் யாருடையது என்று கேளுங்கள், உரிமையாளரிடமே பேசுங்கள், மெஷினை நேரில் போய்ப் பாருங்கள். வெளிக்கூண்டில் ஒட்டிய ஸ்டிக்கரை நம்பாதீர்கள். கதவைத் திறந்தால், கரண்ட்டை உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டர் மீது உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதில் பொறித்திருப்பதுதான் உண்மையான அளவு. ஸ்டிக்கரில் 125 என்றும் தகட்டில் 82.5 என்றும் இருந்த மெஷினை நானே பார்த்திருக்கிறேன்.

முன்பணம் கொடுப்பதாக இருந்தால் மெஷின் உங்கள் வளாகத்துக்குள் வந்து, சுமையோடு ஒரு மணி நேரம் ஓடிக்காட்டிய பிறகு கொடுங்கள். எழுத்தில் வாங்க வேண்டியவை சில உண்டு. வாடகை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரத்துக்கு, கூடுதல் மணிக்கு என்ன கட்டணம், ஆபரேட்டர் இரவும் இருப்பாரா, எத்தனை மீட்டர் கேபிள் தருவார்கள். கேபிளைக் கேட்காமல் விட்டால் மெஷினை வாசலில் இறக்கிவிட்டு, விடுதியின் மின் பேனல் வரைக்கும் கேபிள் எட்டவில்லை, அதற்குத் தனி வாடகை என்பார்கள்.

அடுத்ததை எலக்ட்ரீஷியனை உட்கார வைத்துக்கொண்டு அவருக்கும் படித்துக் காட்டுங்கள். ஜெனரேட்டரை எப்படி இணைக்கப் போகிறீர்கள் என்று ஏஜென்ட்டிடம் கேட்டால், ‘மெயினை ஆஃப் பண்ணிட்டுக் குடுத்துடலாம் மேடம்’ என்பார். அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்கள் வளாகத்துக்கு வருவது பெரும்பாலும் 11,000 வோல்ட். உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அதை 415 ஆக இறக்குகிறது. அதே டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கத்திலிருந்து 415 கொடுத்தால், முன்பக்கம் 11,000 வோல்ட்டாகக் கிளம்பும். இரவில் யாரோ ஒருவர் தெரியாமல் மெயினை மேலே தள்ளினால் போதும், அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன் செத்துப்போவார். இதைத் தடுக்க சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் என்று ஒன்று இருக்கிறது. கைப்பிடி ஒரு பக்கம் இருந்தால் ஈ.பி., மறுபக்கம் இருந்தால் ஜெனரேட்டர், இரண்டும் ஒருசேர ஒருபோதும் வராது. அது உங்கள் பேனலில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் ஜெனரேட்டருக்கு முன்னால் அதை வாங்கிப் பொருத்துங்கள்.

இணைத்த பிறகு, சுமை கொடுக்கும் முன், ஒவ்வொரு ஃபேஸிலும் 230 வோல்ட் அளவில் வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நியூட்ரல் ஒயர் லூஸாக இருந்தால் சில அறைகளில் 400 வோல்ட் வரை ஏறும். சார்ஜில் இருக்கும் அத்தனை போனும் போய்விடும். மோட்டாரும் சரியான திசையில் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு டெல்டாவில் ஒரு விடுதியில் மோட்டார் ஓடும் சத்தம் நன்றாகக் கேட்டது, ஆம்பியர் மீட்டரில் முள்ளும் அசைந்தது, ஆனால் தொட்டிக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. கிணறு வற்றிவிட்டது என்று லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டார்கள். ஜெனரேட்டர் கேபிளில் இரண்டு ஃபேஸ் இடம் மாறியதால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். ஏதாவது இரண்டு ஒயரை மாற்றிக் கொடுத்ததும் தண்ணீர் கொட்டியது.

மெஷினை ஜன்னல்களிலிருந்து தள்ளி, மேடான இடத்தில் வையுங்கள். படிக்கட்டுக்குக் கீழே, போர்ட்டிகோவுக்குள் வைக்கவே கூடாது, அந்தப் புகை ஆளைக் கொல்லும். உங்கள் மாவட்டத்தில் புயல் போனதோடு ஆபத்தும் போய்விடாது. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததோ அதற்குப் பிறகு. காற்று நின்றுவிட்டதே என்று தரையில் இறக்கி வைத்த மெஷின் தண்ணீரில் நின்றால் எதற்கும் உதவாது.

சரி, சோலார். இதில் நிறையப் பேர் ஏமாந்திருக்கிறார்கள், ஆகவே பொறுமையாகப் படியுங்கள். கல்லூரிக் கூரைகளில் இருப்பது பெரும்பாலும் ஈ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் வகை. ஈ.பி. நின்ற நொடியில் அதுவும் நின்றுவிடும். அது கோளாறு இல்லை, லைன்மேனைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். வெயில் கொளுத்தினாலும் ஒரு விளக்குகூட எரியாது. இதற்கு முக்கிய விதிவிலக்கு பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் வகை. உங்களுடையது எது என்று விற்றவரிடம் கேட்காதீர்கள், ‘எல்லாம் ஓடும்’ என்றுதான் சொல்வார். நல்ல வெயில் நாளில் உங்கள் கண் முன்னால் மெயினை இறக்கச் சொல்லுங்கள். ஏதாவது விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் அது ஹைபிரிட். அப்போதும் எந்தெந்த விளக்கு எரிகிறது என்று நடந்து போய்ப் பாருங்கள், அந்த இன்வெர்ட்டரிலிருந்து தனியாக ஒயர் இழுத்திருக்கும் இடங்களுக்கு மட்டும்தான் வரும். மோட்டார் அதில் சேர்ந்திருக்க வாய்ப்புக் குறைவு. கம்ப்யூட்டர் லேபில் பேட்டரி அடுக்கியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அது யு.பி.எஸ்., வேறு விஷயம். ஹைபிரிட்டாகவே இருந்தாலும் புயல் நாட்களில் வானம் மூடியிருக்கும், வழக்கமாக வருவதில் சிறு பங்குதான் வரும். இன்னொன்று, ஜெனரேட்டர் ஓடும்போது ஈ.பி. வந்துவிட்டதாக நினைத்துச் சோலாரும் சேர்ந்து ஓடத் தொடங்கலாம். சுமை குறைவாக இருந்தால் அந்தக் கரண்ட் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பிப் பாயும். எனவே ஜெனரேட்டரைப் போடும் முன் சோலாரைத் துண்டிக்கும் பிரேக்கர் ஸ்விட்சை இறக்கிவிடுங்கள்.

டீசல்: 62.5 மெஷின் நீங்கள் கொடுக்கும் சுமைக்கு மணிக்கு ஏறக்குறைய 10 லிட்டர் குடிக்கும். நாளைக்குப் பத்து மணி நேரம் ஓட்டினால் போதும், இரவு முழுக்க வேண்டாம். ஐந்து நாளுக்கு 500 லிட்டர். கரண்ட் இல்லாவிட்டால் பங்க்கிலும் பம்ப் ஓடாமல் போகலாம் என்பதால் முன்பே வாங்கி வைக்க வேண்டும். டீசல் வைக்க லைசென்ஸ் வேண்டும், நான் எடுத்துத் தருகிறேன் என்று ஒரு கூட்டம் வரும். மொத்தம் 2,500 லிட்டர் வரை, ஒரு கலன் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால், பெட்ரோலியச் சட்டத்தின்படி உரிமம் தேவையில்லை.

தண்ணீருக்கு ஒரு அளவு சொல்லிவிடுகிறேன். நெருக்கடியில் ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்பது உலக அளவில் நிவாரணப் பணியில் வைத்திருக்கும் கணக்கு. 600 பேருக்கு 9,000 லிட்டர். வானிலைத் துறை 48 மணி நேரத்துக்கு முன்பே புயல் எச்சரிக்கை தந்துவிடுகிறது. அது வந்ததும் எல்லாத் தொட்டிகளையும் நிரப்பிவிடுங்கள். காற்று வலுத்தால் பாதுகாப்புக்காக மின்வாரியமே லைனை நிறுத்திவிடும், கம்பம் விழும்வரை கரண்ட் இருக்கும் என்று எண்ண வேண்டாம். சமையலறையில் இட்லி மாவை அதற்கு முன்பே அரைத்துவிடச் சொல்லுங்கள்.

கரண்ட் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது உங்கள் மாவட்டத்துக் கிராமங்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. கஜாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987இல் புகார் பதிவு செய்யுங்கள். ஆனால் உயர் அழுத்த இணைப்புள்ள வளாகங்களில், மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரும் கேபிளும் உங்கள் பல்கலைக்கழகத்துடையவை. அவற்றின் மீது மரம் விழுந்தால் ஈ.பி.காரர் வரமாட்டார், வர வேண்டியதும் இல்லை. வெளியே தெருவெல்லாம் விளக்கு எரியும்போது உள்ளே ஒரு வாரம் இருட்டாக இருந்த வளாகங்கள் உண்டு, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரை யார் கூப்பிடுவது என்பதற்கே ஒரு கோப்பு சுற்றிக்கொண்டிருந்ததால்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது ‘வாய்மொழியாக’ என்ற சொல்தான். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பரில் புயல் வரலாம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் செப்டம்பரில் 500 லிட்டர் டீசலுக்கு அனுமதி கேட்டால் மூன்று கொட்டேஷன், நிதி அலுவலரின் குறிப்பு, அடுத்த கூட்டம். புயல் அடித்த மறுநாள் எந்த விலைக்கும் கையெழுத்துக் கிடைக்கிறது. ஏஜென்ட் வாழ்வது இந்த இடைவெளியில்தான். பிறகு தணிக்கையில் கேள்வி வரும்போது பதில் சொல்லப் போவது தாவரவியல் ஆசிரியையான நீங்கள்! ஆகவே இன்றே பதிவாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். 62.5 கே.வி.ஏ., சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச், 500 லிட்டர் டீசல், புயல் எச்சரிக்கை வந்ததும் மெஷின் வளாகத்துக்கு வந்துவிட வேண்டும் என்ற நிபந்தனை, இணைப்பைச் சரிபார்த்துக் கையெழுத்திட வளாக மின் பொறியாளர். பதில் வராவிட்டாலும் கடிதத்தின் நகல் உங்களிடம் இருக்கட்டும்.

மெஷின் வந்து இறங்கிய அன்றும் திருப்பி அனுப்பும் அன்றும் அது எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மணிமீட்டரையும் டீசல் அளவையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பில்லை அந்த இரண்டு படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு பாக்கியைக் கொடுங்கள்.