5.1 ஸ்பீக்கர், மூன்று துளை கம்ப்யூட்டர்: எப்படி இணைப்பது?

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் இருக்கிறது. புதிதாக 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர், பேஸ் சத்தத்துக்கு ஓர் ஊஃபர்) வாங்கி, கம்ப்யூட்டரின் பச்சைத் துளையில் ஒயரைச் செருகினேன். ஐந்து ஸ்பீக்கரிலும் ஒரே சத்தம் வருகிறது. பின்னால் கேட்க வேண்டியது முன்னாலும் கேட்கிறது. கம்ப்யூட்டருக்குப் பின்னால் மூன்று துளைதான் உண்டு. சவுண்ட் கார்டு போட்டால்தான் சரியாகும் என்கிறார் கடைக்காரர். இது போக, படம் ஓடாதபோதும் ஊஃபரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். என்ன செய்வது?"

சவுண்ட் கார்டுக்கு இப்போது பணம் போடாதீர்கள். அந்த மூன்று துளையே அநேகமாகப் போதும். முதலில் ஊஃபர் பெட்டியைத் திருப்பி அதன் பின்புறத்தைப் பாருங்கள். 'இன்புட்' என்று போட்ட இடத்தில் சிவப்பு, வெள்ளை என இரண்டே துளைகள் இருந்தால், எந்தக் கேபிள் வாங்கினாலும், எந்த கார்டு போட்டாலும் உங்கள் குறை தீராது. உள்ளே வருவதே இரண்டு சத்தம். அதை உள்ளிருக்கும் சர்க்யூட் ஐந்து ஸ்பீக்கருக்கும் பகிர்ந்து விடுகிறது, ஒரே குழாயில் ஐந்து குடம் பிடிப்பதைப் போல. பெட்டியின் மேல் 5.1 என்று பெரிதாக அச்சடித்து விற்கும் மலிவு செட்டுகளில் கணிசமானவை இந்த ரகம்தான். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் பார்த்துவிடுங்கள்.

'5.1 இன்புட்' அல்லது 'டிவிடி இன்புட்' என்று போட்டு ஆறு துளைகள் இருந்தால் கவலை இல்லை. முன் இடம், முன் வலம், பின் இடம், பின் வலம், சென்டர், ஊஃபர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று. ஆனால் ஒரு எச்சரிக்கை: பல செட்டுகளில் ஸ்பீக்கருக்குப் போகும் ஒயர்களின் முனையிலும் அதே ஆர்சிஏ பின்தான் (டிவிடி பிளேயர் ஒயரில் பார்க்கும் சிவப்பு, வெள்ளைக் குண்டுப் பின்) இருக்கும். இரண்டு வரிசையும் பார்க்க ஒரே மாதிரி. ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட்டைக் கம்ப்யூட்டரோடு இணைத்தால் மதர்போர்டின் ஆடியோ சிப் புகைந்துவிடலாம். எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மங்கலாக இருந்தால் செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள்.

வாங்க வேண்டியது மூன்று கேபிள். ஒரு முனையில் ஹெட்போன் பின், மறுமுனையில் சிவப்பு வெள்ளை ஆர்சிஏ. ஹெட்போன் பின்னில் இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். மூன்று வளையம் இருப்பது மைக் உள்ள மொபைலுக்கானது, வேண்டாம். கிருஷ்ணகிரியிலேயே கிடைக்கும். பெங்களூரு எஸ்.பி. ரோடுக்குப் போகிற ஆள் இருந்தால் சொல்லி அனுப்பலாம், ஆனால் இதற்காகவே பஸ் ஏற வேண்டியதில்லை.

இனி அந்த மூன்று துளை. பச்சை ஒலி வெளியே போக, நீலம் வெளியிலிருந்து ஒலி உள்ளே வர, இளஞ்சிவப்பு மைக்குக்கு என்பது இன்டெலும் மைக்ரோசாஃப்டும் பிசி 99 என்ற வழிகாட்டியில் வகுத்த நிற முறை. ஆனால் மூன்று துளை உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில் ரியல்டெக் மாதிரியான சிப் உண்டு. அது துளையின் வேலையையே மாற்றிக்கொள்ளும். 5.1 என்று சொல்லிவிட்டால் பச்சை முன் ஸ்பீக்கர்கள், நீலம் பின் ஸ்பீக்கர்கள், இளஞ்சிவப்பு சென்டரும் ஊஃபரும். மைக்கை கேபினெட்டின் முன்பக்கத் துளைக்கு மாற்றிவிடுங்கள். ஐந்தாறு துளை உள்ள போர்டானால் இந்த வம்பே இல்லை: கறுப்பு பின் ஸ்பீக்கர், ஆரஞ்சு சென்டர், ஊஃபர்.

செருகியதும் 'எதைச் செருகினீர்கள்?' என்று ஒரு சின்னப் பெட்டி திரையில் வரலாம். நீலத்துக்கு 'ரியர் ஸ்பீக்கர்', இளஞ்சிவப்புக்கு 'சென்டர் சப்ஊஃபர்' என்று காட்டுங்கள். வராவிட்டால் ரியல்டெக் பேனலைத் திறந்து அதையே செய்யலாம். அப்புறம் விண்டோஸில் கடிகாரம் பக்கத்தில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக், சவுண்ட் செட்டிங்ஸ், அதற்குள் மோர் சவுண்ட் செட்டிங்ஸ். பிளேபேக்கில் ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்து கான்ஃபிகர் அழுத்தினால் ஸ்டீரியோ, குவாட், 5.1 என்று பட்டியல் வரும். 5.1 இரண்டு முறை இருந்தால் ஒன்றைப் போட்டுப் பாருங்கள்; பின் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் மற்றது. 5.1 என்ற பேச்சே இல்லை என்றால் விண்டோஸ் தானாகப் போட்ட டிரைவர் (ஆடியோ சிப்பை இயக்கும் மென்பொருள்) ஓடுகிறது என்று சந்தேகப்படுங்கள். மதர்போர்டு கம்பெனியின் தளத்திலிருந்து ஆடியோ டிரைவரை இறக்கிப் போட வேண்டும்.

அதே திரையில் டெஸ்ட் அழுத்தி ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். சென்டரில் வர வேண்டிய சத்தம் ஊஃபரில் வந்தால் பதறாதீர்கள், இளஞ்சிவப்பு கேபிளின் சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினால் போதும். புது டிரைவர் போட்ட பிறகும் ஒரு துளை ஊமையாகவே இருந்தால், அப்போது கடைக்காரர் பேச்சைக் கேட்கலாம். ஆறு சேனல், அதாவது ஆறு தனித்தனி ஒலி தரும் யுஎஸ்பி சவுண்ட் கார்டே போதும். லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும் அதுதான் வழி.

இவ்வளவும் செய்துவிட்டு யூடியூபில் பாட்டைப் போட்டு, பின் ஸ்பீக்கர் பாடவில்லை என்று குறை சொல்லக் கூடாது. கம்ப்யூட்டரில் கேட்கும் பாட்டுகள் பெரும்பாலும் ஸ்டீரியோதான். புளூடூத்தில் இணைத்தாலும் இரண்டு சேனல்தான். சோதிக்க 5.1 ஒலி உள்ள படம் வேண்டும். விஎல்சி வீடியோ பிளேயரில் டூல்ஸ், கோடெக் இன்ஃபர்மேஷன் போய்ப் பார்த்தால் சேனல் என்ற வரியில் '3எஃப்2ஆர்/எல்எஃப்இ' என்று இருக்கும்: முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, ஊஃபருக்கு ஒன்று. 'ஸ்டீரியோ' என்று இருந்தால் படத்தின் கோளாறு, உங்கள் ஒயர் நிரபராதி.

பின்னாளில் நல்ல ஏவி ரிசீவர் (எச்டிஎம்ஐ துளை உள்ள ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர்) வாங்கினால் கிராஃபிக்ஸ் கார்டின் எச்டிஎம்ஐயிலிருந்து ஒரே கேபிள். எட்டு சேனல் வரை சுருக்காமல் போகும். ஆப்டிகல் கேபிளில் சுருக்காத ஒலி இரண்டு சேனல்தான், 5.1 வேண்டுமானால் டால்பி டிஜிட்டல் அல்லது டிடிஎஸ் ஆகச் சுருங்கித்தான் போகும். ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ வழியே வாங்கும் வசதி) மட்டுமே உள்ள சவுண்ட்பாரைக் கம்ப்யூட்டரில் நேராகச் செருகினால் சத்தம் வராது, அது டிவிக்கானது.

அந்த 'ம்ம்ம்' விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஊஃபர் பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர் கேபிள்களை உருவிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது கேபிள் வழி வருகிற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் சத்தம். கேபினெட்டின் இரும்பில் பெயின்ட் இல்லாத இடத்தைத் தொட்டபோது எப்போதாவது சுருக்கென்று உணர்ந்திருக்கிறீர்களா? அப்படியானால் எர்த் சரியில்லை. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ்ஸில் (பவர் சப்ளை பெட்டியில்) உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் கொஞ்சம் கரண்டை இரும்புக் கூட்டுக்குக் கசியவிடும்; அது எர்த் வழியாக மண்ணுக்குப் போய்விட வேண்டும். எர்த் இல்லாதபோது கூட்டில் 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி நிற்கும். கரண்ட் சொற்பம்தான், ஆனாலும் ஆடியோ கேபிள் அதை ஊஃபருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும்.

நம் பக்கம் பாறை நிலம், மழையும் குறைவு. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த எர்த் குழி மாங்காய் சீசன் வெயிலில் காய்ந்து செயலற்றுப் போகும். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு மறுபடி கேளுங்கள். குறையவில்லை என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைக்கச் சொல்லுங்கள்: ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே சில வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சிலர் பிளக் பாயின்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிட்டுப் போவார்கள். விடாதீர்கள், நியூட்ரல் அறுந்தால் கேபினெட் முழுக்க உயிர்க் கரண்ட் ஏறும். இரைச்சலை நிறுத்த மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பதும் அதே ரகம்.

எர்த் நன்றாக இருந்தும் இரைச்சல் வந்தால், கம்ப்யூட்டரையும் ஊஃபரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள், ஒலி ஒயர்களைக் கரண்ட் ஒயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். பின் ஸ்பீக்கர்களை உட்காரும் இடத்துக்கு இருபுறமும் சற்றே பின்தள்ளி, காது மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டுங்கள். செட்டோடு வரும் ஒயர் அதுவரை எட்டாது என்றால் சாதாரண இரட்டை ஸ்பீக்கர் ஒயரால் நீட்டிக்கொள்ளலாம். பிளஸ், மைனஸ் மாறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.