ஆன்லைன் ஸ்பேஸ் கேம்ல குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் நடக்குற ஈவென்ட்ல கலந்துக்கிட்டதுண்டா? அதுக்கு நேரம் செலவழிக்கலாமா?

உண்டு, ஒரே ஒரு பெரிய ஈவென்ட். எலீட் டேஞ்சரஸ்ல 2019 ஜனவரி 13 கிளம்பின டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2. பிளேயர்களே சேர்ந்து நடத்தின பயணம் அது, பத்தாயிரத்துக்கு மேல பேர் பதிஞ்சிருந்தாங்க. பல்லேனிங்கிற நட்சத்திர மண்டலத்துல இருந்து கிளம்பி கேலக்ஸியோட அந்தக் கோடியில இருக்குற பீகிள் பாயின்ட் வரைக்கும், நேர் கோட்டுலயே 65,000 ஒளியாண்டு. என் கப்பல் ஆஸ்ப் எக்ஸ்ப்ளோரர் ஒரு ஜம்ப்புக்கு 45 ஒளியாண்டு போகும், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க.

கிளம்பும்போது நான் செஞ்ச புத்திசாலித்தனம், வெயிட் குறைஞ்சா ரேஞ்ச் கூடும்னு அடி தாங்குற ஷீல்டைக் கழட்டி வெச்சுட்டுப் போனது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

ஒமேகா நெபுலா பக்கம் ஒரு கம்யூனிட்டி கோல் இருந்துச்சு. எல்லாரும் மைனிங் பண்ணி கனிமத்தைக் கொண்டுவந்து கொட்டணும், டார்கெட் வந்தா கேலக்ஸி நடுவுல இருக்குற கருந்துளை, சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் பக்கத்துல ஒரு ஸ்டேஷன் வரும். பாறையை வெடிச்சு உள்ள இருக்குறதை எடுக்குற மைனிங் அதுக்கு முந்தின மாசம், 2018 டிசம்பர் அப்டேட்ல தான் வந்திருந்துச்சு, அதனால யாருக்கும் சரியா தெரியாது, சார்ஜ் அதிகமா வெச்சு பாறையோட சேர்ந்து கப்பலும் அடி வாங்கும், சாட்ல ஒரே சிரிப்பு. நான் ரெண்டு ராத்திரி முழிச்சு கார்கோ ரொப்பிக் கொண்டுபோய் வித்துட்டு பார்த்தா என் பங்களிப்பு பூஜ்யம். மிஷன் போர்டுல முதல்ல சைன் அப் பண்ணணும், பண்ணாம குடுத்தது எதுவும் கணக்குல சேராது. யார் மேலயும் குத்தம் சொல்ல முடியாது, படிக்காதது நான். விட மனசில்லாம திரும்பப் போய் ரொப்பினேன், அதுக்குள்ள கூட்டம் முன்னாடி போயிடுச்சு.

ஸ்டேஷன் வந்துச்சு, பேரு எக்ஸ்ப்ளோரர்ஸ் ஆங்கரேஜ். நான் போய் டாக் பண்ணி அதுவரைக்கும் வழியில நட்சத்திரம், கிரகம்னு ஸ்கேன் பண்ணின டேட்டா எல்லாத்தையும் வித்தேன். செத்தா விக்காத டேட்டா அம்புட்டும் போயிடும், அதனால எந்த ஸ்டேஷன் கிடைச்சாலும் உடனே வித்துடுங்க.

அங்க இருந்து மூணு வாரம் கழிச்சு, எல்லாரையும் பிடிக்கணும்ங்கிற அவசரத்துல, ஈர்ப்பு ஜாஸ்தியா இருக்குற கிரகம் ஒண்ணுல சாதாரண கிரகம் மாதிரி மூக்கைக் கவுத்து இறங்கினேன். த்ரஸ்டர் தாங்கல, கப்பல் மோதி சிதறிடுச்சு. ஷீல்ட் இருந்திருந்தா ஒரு இடியோட போயிருக்கும். இன்சூரன்ஸ்ல கப்பல் விலையில 5 சதவீதம் கட்டி எடுத்துட்டு கண்ணைத் திறந்தா கடைசியா டாக் பண்ணின இடம், அதே ஆங்கரேஜ். மூணு வார ஸ்கேன் போச்சு, ஆனா அந்த ஸ்டேஷன் மட்டும் இல்லேன்னா இன்னும் இருபதாயிரம் ஒளியாண்டு பின்னாடி விழுந்திருப்பேன். நான் கொட்டின அந்த ரெண்டாவது லோடு அந்த சுவத்துல எங்கயோ இருக்குன்னு நினைச்சப்போ தான் சிரிப்பே வந்துச்சு.

உங்க கேள்விக்கு வரேன். ரிவார்டுக்காகன்னா வேண்டாம், அந்த நேரத்துக்கு சாதாரண டிரேடிங்லயே அதிகமா சம்பாதிக்கலாம். ஆளுங்களுக்காகன்னா கண்டிப்பா போங்க, ஆனா பாதியில லேட்டாகிட்டா துரத்தாதீங்க, என் பெரிய தப்பு துரத்தும்போது பண்ணினது தான்.

அப்புறம் நியூட்ரான் ஸ்டார் வழியா போனேன், அதோட ஜெட்ல நுழைஞ்சு வந்தா ஒரு ஜம்ப் நாலு மடங்கு போகும், ஜம்ப் பண்ற டிரைவ் தான் கொஞ்சம் கொஞ்சமா அடி வாங்கிட்டே இருக்கும். நான் பீகிள் பாயின்ட் சேர்ந்தப்போ கூட்டம் கலைஞ்சு நாளாகியிருந்துச்சு. கீழ ஒரே ஒரு கப்பல் நின்னுச்சு. நான் பயந்து பயந்து இருபது நிமிஷமா இறங்கினேன். சாட்ல கேட்டாரு, "என்ன பாஸ், இவ்ளோ ஸ்லோவா?"

"ஷீல்ட் இல்ல பாஸ்."

"எனக்கும் தான். நேத்து இறங்கினது, இன்னும் ஏற தைரியம் வரல."