ஐந்து ஷில்லிங்கும் ஏழு ஷில்லிங்கும்

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் 1906 முதல் 1914 வரை லிபரல் அரசு கொண்டுவந்த நலச்சட்டங்களைப் பற்றி இரண்டு விதமாகப் படிக்கிறேன். மக்கள்நல அரசுக்கே அஸ்திவாரம் அதுதான் என்கிறார்கள் சிலர். எழுபது வயதுவரை உயிரோடு இருந்தால் வாரம் 5 ஷில்லிங் ஓய்வூதியம், அதுவும் ஏகப்பட்ட நிபந்தனையோடு. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவது கட்சிதான் சரியாகப் படுகிறது. அந்தச் சட்டங்களால் வறுமை உண்மையிலேயே குறைந்ததா?

எம்.

அன்புள்ள எம்.,

சோளப்பொரிதான், மறுக்கவில்லை. யார்க் நகரத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்த சீபோம் ரவுன்ட்ரீ, உடம்பு கெடாமல் உயிர்வாழத் தனியாள் ஒருவருக்கு வாரம் 7 ஷில்லிங்காவது வேண்டும் என்று 1901-லேயே எழுதிவிட்டார். அதில் ஒரு செய்தித்தாளுக்கோ, ஊரிலிருக்கும் பிள்ளைக்குக் கடிதம் போடவோ காசு சேர்க்கப்படவில்லை. அவ்வளவு இறுக்கிப் பிடித்த கணக்கு. அரசு கொடுத்தது 5.

ஆனால் அந்த 5 எங்கே கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். அதுவரை கதியற்ற கிழவர் ஒருவர் ஏழைச் சட்ட வாரியத்தின் முன்னால் போய் நின்று தன் இல்லாமையை நிரூபிக்க வேண்டும். உதவி வாங்கினால் ஓட்டுரிமை போய்விடும். 1909 ஜனவரி 1 அன்று அதே கிழவர் தபால் நிலையத்துக்குப் போனார், ஓய்வூதியப் புத்தகத்தை நீட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டார். ஓட்டு அவரிடமே இருந்தது. நிபந்தனைகள் இருந்தன, உண்மை: சிறை சென்றவருக்குக் கிடையாது, வேலை செய்யாமல் திரிந்தவர் என்று பெயர் எடுத்தவருக்குக் கிடையாது. ஏழைச் சட்ட உதவி பெற்றவர்களுக்கும் முதல் இரண்டு வருடம் கிடையாது. அந்தத் தடை நீங்கியதும், வீட்டிலிருந்தபடி ஏழைச் சட்ட உதவி வாங்கிய எழுபது வயதுக்காரர்கள் அந்தப் பட்டியலிலிருந்து அநேகமாகக் காணாமல் போனார்கள். வொர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழைகள் விடுதிக்குள் இருந்த கிழவர்களின் எண்ணிக்கை மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. படுக்கையில் கிடப்பவருக்கு ஐந்து ஷில்லிங்கைவிட அவசரத் தேவை பக்கத்தில் ஒரு ஆள்.

பள்ளிக் குழந்தைகளுக்கு உணவு கொடுக்கலாம் என்ற 1906-ஆம் ஆண்டுச் சட்டமும் இப்படித்தான். பிராட்ஃபோர்டில் சாப்பாடு போட்டு எடை பார்த்தார்கள். ஏறியது. நடுவில் விடுமுறை வந்தது, இறங்கியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? ஆனால் சட்டம் சொன்னது ‘கொடுக்கலாம்’. பல உள்ளாட்சி அமைப்புகள் கொடுக்காமலே இருந்துவிட்டன.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘போதுமா போதாதா’ என்பதைவிட, அடி எங்கே பட்டது, கட்டு எங்கே போட்டார்கள் என்று கேட்டால் விஷயம் பிடிபடும். ரவுன்ட்ரீயின் கணக்கில், எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் பிழைக்க முடியாத மக்களில் பாதிக்கு மேல், சுமார் 52 சதவீதம் பேர், அப்படி ஆனதற்குக் காரணம் ஒழுங்காக வேலை பார்த்தும் கூலி போதாததுதான். பிள்ளைகள் அதிகம் என்பது 22 சதவீதம். சம்பாதிப்பவர் இறந்துபோனது கிட்டத்தட்ட 16. முதுமையும் நோயும் சேர்ந்து 5, வேலையில்லாமையும் நிலையற்ற வேலையும் இன்னொரு 5. அவர் கணக்கெடுத்த 1899 தொழில் செழித்த வருடம், அதனால் கடைசி எண் குறைவாக இருக்கும். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஓய்வூதியமும், நோய்க்கும் வேலையில்லாமைக்கும் 1911-இல் வந்த காப்பீடும் குறிவைத்தது இந்தக் கடைசிப் பத்தைத்தான். விதவைகளுக்கு ஓய்வூதியம் வர 1925 ஆனது. பிள்ளைகளுக்கான குடும்பப்படிக்கு 1945-இல்தான் சட்டம் வந்தது.

கூலியைத் தொட்ட சட்டங்களில் முதலாவது, 1909-இல் வந்த தொழில் வாரியச் சட்டம். முதலில் நாலே நாலு தொழில்களுக்கு. அதில் ஒன்று சங்கிலி செய்வது. கிரேட்லி ஹீத் என்ற ஊரில் பெண்கள் வீட்டுக் கொல்லைப்புறப் பட்டறையில் சுத்தியலால் அடித்துக் கண்ணி கண்ணியாகச் சங்கிலி கோத்தார்கள். வாரியம் மணிக்கு இரண்டரை பென்னி என்று நிர்ணயித்தது. பலருக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கூலி. முதலாளிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ‘ஆறு மாதத்துக்குப் புதிய கூலி வேண்டாம்’ என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கக் கிளம்பினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் வெறும் குறி போட்டுக் கொடுத்தார்கள். மறுத்தவர்களுக்கு வேலை இல்லை.

தொழிற்சங்கத் தலைவர் மேரி மக்கார்த்தர் தலைமையில் அந்தப் பெண்கள் பத்து வாரம் பட்டறைக்குப் போகவில்லை. நாடு முழுவதும் இருந்து நிதி வந்தது. 1910 அக்டோபரில் கடைசி முதலாளியும் பணிந்தார். மிஞ்சிய பணத்தில் தொழிலாளர்களுக்கென்று ஒரு மன்றம் கட்டினார்கள். அந்தக் கட்டடத்தைப் பிறகு செங்கல் செங்கலாகப் பிரித்து டட்லியில் உள்ள அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், இன்றும் நிற்கிறது.