இரவு மேயர் எதற்கு?

கேள்வி: சில நகரங்களில் 'இரவு மேயர்' என்றொரு பொறுப்பு இருப்பதாகப் படித்தேன். மதுக்கூடங்களையும் இசை அரங்குகளையும் குறித்த நேரத்தில் மூடச் செய்வது காவல்துறையின் வேலைதானே? அதற்குத் தனியாக ஒருவர் எதற்கு?

பதில்: மூடும் நேரத்தை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி நல்ல சான்று. குடிபோதைத் தாக்குதல்களில் இளைஞர்கள் உயிரிழந்ததை அடுத்து, 2014-இல் அந்நகரின் மையப் பகுதியில் நள்ளிரவு 1.30 மணிக்குமேல் மதுக்கூடங்களுக்குள் புதிதாக எவரும் நுழையக் கூடாது, 3 மணிக்குமேல் மது பரிமாறக் கூடாது என்று சட்டம் வந்தது. அப்பகுதியில் தாக்குதல்கள் குறைந்தன. அதை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் குடித்துச் சண்டையிடுபவரையும் பாட்டுக் கேட்க வந்தவரையும் அச்சட்டம் பிரித்துப் பார்க்கவில்லை. இசை அரங்குகளும் கலைஞர்களின் பிழைப்பும் நலிந்தன என்ற எதிர்ப்பு வலுத்து, 2020-லும் 2021-லுமாக அக்கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன.

ஆம்ஸ்டர்டாம் வேறு வழியில் சென்றது. அங்கே இரவு மேயர் அரசு அதிகாரி அல்லர். நகராட்சியும் இரவுநேரத் தொழில் நடத்துவோரும் நிதியளிக்கும் தனி அமைப்பொன்றின் தலைவராக இருந்து, குடியிருப்போர், உரிமையாளர்கள், நகராட்சி ஆகிய முத்தரப்பையும் பேச வைப்பவர். எல்லா அரங்குகளும் ஒரே நேரத்தில் மூடினால் கூட்டம் முழுவதும் ஒருசேரத் தெருவில் இறங்குகிறது, சத்தமும் சச்சரவும் அப்போதுதான் கூடுகின்றன என்பதை உணர்ந்து, 2013 முதல் மையப்பகுதிக்கு வெளியே உள்ள சில அரங்குகளுக்கு 24 மணி நேர உரிமம் அளித்தார்கள். காவலர் ஒருவர் தாமாக எடுத்திருக்கக்கூடிய முடிவல்ல இது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நியாயமாகப் படுவது, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2014-லும் இங்கிலாந்து 2018-லும் தம் நகரமைப்பு விதிகளில் சேர்த்துக்கொண்ட ஒரு கொள்கை: மாற்றத்தைக் கொண்டுவருபவரே அதன் விளைவுக்குப் பொறுப்பு. பல ஆண்டுகளாக இயங்கிவரும் இசை அரங்கின் பக்கத்தில் புதிதாக அடுக்குமாடி எழுப்புபவர், ஒலி புகாத சுவருக்கும் சன்னலுக்கும் தாமே செலவிட வேண்டும். வீடுகளை விற்று முடித்தபின், அங்கே குடியேறியவர்களின் புகாரால் அரங்கு மூடப்படும் நிலை வரக் கூடாது. அதே அளவுகோலின்படி, வீடுகள் நிறைந்த தெருவில் புதிதாக அரங்கு திறப்பவர் அங்குள்ளோரின் தூக்கத்துக்குப் பொறுப்பேற்க வேண்டும். யார் முன்பே அங்கிருந்தார், யார் பின்னர் வந்தார் என்ற இக்கேள்வியை, புகார் எழுந்த இரவில் வந்து நிற்கும் காவலரால் தீர்க்க இயலாது. கட்டட அனுமதி தரும் மேசையிலேயே அதைக் கேட்டாக வேண்டும். அதைக் கேட்க வைப்பதற்குத்தான் இரவு மேயர் போன்ற ஒருவர் தேவைப்படுகிறார்.