ஒரே சீட்டில் போச்சு

அன்புள்ள ஐயா,

என் அண்ணன் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். சம்பளம் இரண்டே நாளில் செல்போன் ரம்மியில் போய்விடுகிறது. ஜெயித்தாலும் முகத்தில் சந்தோஷம் இல்லை. மூளையில் ‘இன்ப மையம்’ இருப்பதாகப் படித்தேன். வேலூரில் ஸ்கேன் எடுத்தால் அது கெட்டிருக்கிறதா என்று தெரியுமா?

— ஒரு வாசகர், பேரணாம்பட்டு

அன்புள்ள தம்பி,

ஸ்கேனுக்குப் பணம் கட்ட வேண்டாம். ‘ஜெயித்தாலும் சந்தோஷம் இல்லை’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆராய்ச்சியாளர்கள் ஆட்களை மெஷினுக்குள் படுக்கவைத்துக் கண்டதை நீங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறீர்கள்.

மையம் என்று தனியாக ஒன்று இல்லை. நடுமூளை, நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற சிறு பகுதி, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளை எல்லாம் சேர்ந்த வலைப்பின்னல் அது. எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் அங்கே ரத்தத்தின் ஆக்ஸிஜன் மாறுவதைத்தான் காட்டுகிறது, அதுவும் சில விநாடி தாமதமாக. 2001-இல் பிரையன் நட்சன் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் ஒரு குறியைக் காட்டி, சட்டென்று பட்டனை அழுத்தினால் பணம் என்றார்கள். பணம் வருவதற்கு முன்பே, குறியைப் பார்த்ததுமே அக்கம்பென்ஸ் வேலை செய்யத் தொடங்கியது.

சின்ன வயதில் அப்பா ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கி வருவார். கடைசி பஸ் சத்தம், பாகு கசிந்த பொட்டலம், நூலை அவிழ்க்கும் அவர் விரல்கள். அந்த முடிச்சு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. பேடா இரண்டு வாயில் முடிந்துவிடும்.

அப்புறம் 2009-இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் சூதாட்ட மெஷின் போன்ற ஆட்டத்தை ஆடவைத்தார்கள். மயிரிழையில் தோற்றவர்கள் அது கசப்பாக இருந்தது என்றார்கள். ஆனால் ஜெயிக்க வேண்டிய படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்திருந்தால், இன்னும் ஆடத் தோன்றியது என்றார்கள். ஜெயிக்கும்போது வேலை செய்கிற இடங்கள் அந்தத் தோல்வியிலும் வேலை செய்தன. ‘ஒரே சீட்டில் போச்சு’ என்று அண்ணன் சொல்லிக் கேட்டிருப்பீர்களே!

சரி, இதெல்லாம் பலருடைய ஸ்கேன் படங்களைச் சேர்த்துப் பார்த்துச் சொன்னவை. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து ‘இவர் சூதாட்டத்துக்கு அடிமை’ என்று சொல்ல முடியாது. ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று எழுதி வந்தால் அண்ணன் அந்தத் தாளையே காட்டி ஆடுவார். எனக்கு அதுதான் பயம்.

வேலூருக்குக் கட்டாயம் கூட்டிப்போங்கள், மனநல மருத்துவரிடம். பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் இருக்கிறது. பேசிப் பார்த்தே புரிந்துகொள்வார்கள், பேச்சு வழியாகவே சிகிச்சையும் உண்டு. அதுவரை சம்பள நாளில் அவர் கூடவே இருங்கள். பணம் ஏறிய மெசேஜ் சத்தம் கேட்டதும் கை போனுக்குப் போகும். அந்த நேரத்தில் திட்டாதீர்கள், ஒரு டீ குடிக்கக் கூட்டிப்போங்கள்.