பதில்: ஷூ கம்பெனி சொல்லும் கல்லூரியில்தான் சேர வேண்டுமா?

மகனின் கோடைக்காலக் கூடைப்பந்து அணிக்கு ஷூ கம்பெனி பணம் தருகிறது, அணியின் கோச் அதே கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கல்லூரிக்கே போகச் சொல்கிறார், 'பயணச் செலவு' என்று ரொக்கமும் நீட்டுகிறார் என்கிறீர்கள். முதலில், அந்த ரொக்கத்தைத் தொடாதீர்கள்.

அமெரிக்காவின் லூயிவில் பல்கலைக்கழகத்தில் நடந்ததைப் பாருங்கள். 2017 ஆகஸ்டில் ஷூ கம்பெனியான அடிடாஸுடன் 10 வருஷத்துக்கு 16 கோடி டாலர் ஒப்பந்தம் அறிவித்தார்கள். அடுத்த மாதமே அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வந்து நின்றது. கூடைப்பந்து ஆடும் ஒரு பையன் அங்கே சேர, அவன் குடும்பத்துக்கு 1 லட்சம் டாலர் தர ரகசிய ஏற்பாடு! இந்த விவகாரத்தில் அடிடாஸ் அதிகாரி ஜேம்ஸ் காட்டோ 2018-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. லூயிவில் அணியின் பயிற்சியாளர் ரிக் பிட்டினோவின் வேலை அதற்கு முன்பே போய்விட்டது. பாவம், அந்தப் பையன் லூயிவில்லுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை.

2021 ஜூலையிலிருந்து கல்லூரி ஆட்டக்காரர்கள் விளம்பரப் பணம் வாங்கலாம், சரி. பள்ளி மாணவர்களுக்கு மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. அதனால் உங்கள் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்தில் கேட்டுவிட்டு, எதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், கல்லூரிப் பயிற்சியாளரிடம் நீங்களே பேசுங்கள். மகன் ஆடும் இடத்துக்கு ஏற்கெனவே எத்தனை பேர் இருக்கிறார்கள், முழு உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். கோச் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.